மிச்சமும் கழிவும்: விருந்தினர் வரும் ஊர்களுக்கு ஒரு பாடம்

கிராமத்துக்கு வெளியூரார் வருவது புதிதன்று. தேர், திருவிழா, சந்தை என்று ஆண்டில் சில நாட்களேனும் நம் ஊர்கள் தம் குடிகளைப்போலப் பன்மடங்கு மக்களை வரவேற்று வந்துள்ளன. அண்மைக் காலத்தில் ஊரைக் காண்பதற்கென்றே மக்கள் வரத் தொடங்கியுள்ளனர். பறவைகளைக் காணவும், பழைய கோயில்களைக் காணவும், தறியும் குயவர் சக்கரமும் இயங்குவதைக் காணவும், வயலோரத்தில் இரண்டு நாள் தங்கி நாட்டுச் சமையல் உண்ணவும் நகரத்தார் வருகின்றனர். இதனால் ஊருக்கு வருமானம் உண்டு; இளைஞருக்கு வேலை உண்டு. அதனுடன் ஒரு சுமையும் வந்து சேருகிறது. உண்டு மீந்த உணவும், உணவோடு வந்த இலை, தட்டு, குவளை, பை ஆகியவையுமே அச்சுமை.

விருந்தினர் மாலையில் திரும்பிவிடுவர். அவர் விட்டுச் சென்றது ஊரில் தங்கும். தெருக்களைக் கூட்டுவதும் குப்பையை அகற்றுவதும் 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி பஞ்சாயத்தின் கடமைகளாகும். ஆதலின் இச்சுமையை எவ்வாறு குறைப்பது, எஞ்சியதை எவ்வாறு பயனாக்குவது என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் சேர்ந்து ஆராய்வது அவசியம். அதற்குத் துணையாக இப்பாடத்தை அமைத்துள்ளோம்.

மிச்சம் வேறு, கழிவு வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். அண்டாவில் கைபடாமல் மீந்திருக்கும் சோறு மிச்சம். இலையில் உண்டு எஞ்சியது எச்சில். மிச்சம் மனிதர் உண்ணத்தக்கது, எச்சில் அவ்வாறன்று. ஆயினும் மிச்சம் என்றும் மிச்சமாகவே இருப்பதில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு நல்ல உணவாயிருந்தது, மாலை ஐந்து மணிக்கு நாற்றமெடுத்த கழிவாகிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே இருப்பது சில மணி நேரமே. அந்த நேரத்தைக் காப்பதுதான் இத்துறையில் பஞ்சாயத்து செய்யவேண்டிய முதல் வேலை. குப்பை வண்டி வாங்குவதும் குழி வெட்டுவதும் அதற்குப் பிற்பட்டவை.

உணவு வீணாவது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. 2022-ம் ஆண்டில் உலக முழுவதிலும் வீடுகளிலும், உணவு விடுதிகளிலும், கடைகளிலும் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-ம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் இது 19 சதவிகிதம். ஒரு கிலோ நெல் விளைவிக்கச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் தேவைப்படுகிறது என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. ஓர் அண்டாச் சோற்றைக் குப்பையில் கொட்டும்போது நாம் நம் ஏரி நீரையும் விவசாயியின் உழைப்பையும் சேர்த்தே கொட்டுகிறோம்.

மந்தைவெளி காட்டும் பாடம்

பெருங்கூட்டம் ஒரே நாளில் கூடி உண்ணும் இடத்தை நோக்கினால் இப்பிரச்சினையின் இயல்பு தெளிவாகப் புலப்படும். அதற்குச் சென்னை மாநகரிலுள்ள மந்தைவெளியை எடுத்துக்கொள்வோம். மந்தை மேய்ந்த வெளி என்பது அப்பெயரின் பொருள். இன்று அங்கே இரயில் நிலையமும், அடுக்கு வீடுகளும் உள்ளன. மந்தை போயிற்று, பெயர் நின்றது.

நம் ஊர்களில் மந்தை இருந்த காலத்தில் உணவின் மிச்சத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அரிசி களைந்த நீரும், வடித்த கஞ்சியும், காய்கறித் தோலும் கழுநீர்த் தொட்டிக்குப் போயின. கழுநீரை மாடு குடித்தது. சாணம் எருக்குழிக்குப் போயிற்று. எரு வயலுக்குப் போயிற்று. வயலிலிருந்து நெல் மீண்டும் அடுப்பங்கரைக்கு வந்தது. இந்த வட்டத்தில் குப்பை என்று ஒன்று தனியாக நிற்கவே இல்லை. நகரில் மந்தையும் வயலும் அகன்றபோது வட்டம் அறுந்தது. கிராமத்தில் மாடும் வயலும் இன்னும் இருக்கின்றன. எனினும் மக்காத பொருள்கள் உணவோடு கலந்ததால் அங்கும் வட்டம் அறுந்து வருகிறது.

மந்தைவெளியிலிருந்து இராமகிருஷ்ண மடம் சாலை வழியே நடந்தால் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் மாடவீதிகளை அடையலாம். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் அறுபத்துமூன்று நாயன்மார்களின் திருவுருவங்கள் அவ்வீதிகளில் உலா வருகின்றன. அன்று அன்பர்கள் பந்தலிட்டு நீர்மோர், பானகம், சுண்டல், புளியோதரை, தயிர்ச்சோறு முதலியவற்றை வருவோர்க்கெல்லாம் வழங்குவர். இத்தொண்டு போற்றத்தக்கது. ஆயினும் இத்தகைய பெருவிழா எதிலும் மூன்று இயல்புகள் காணப்படும்.

முதலாவது, கொடுப்போர் பலர். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. ஆகவே ஒரே வீதியில் ஒரே நேரத்தில் ஒரே வகைச் சோறு பல பந்தல்களில் குவியும். இரண்டாவது, பெறுவோர் முதற்பந்தலிலேயே வயிறு நிரம்பி, அடுத்த பந்தலில் பெற்றதைப் பாதியில் விட்டுவிடுவர். மூன்றாவது, உண்ட இடத்திலேயே தட்டு விழும். ஒரு தட்டு விழுந்த இடத்தில் நூறு விழும். இவற்றில் எதுவும் தீய எண்ணத்தால் விளைவதன்று. ஒழுங்கு இல்லாமையால் விளைவது.

விழா முடிந்ததும் வீதிகளைத் துப்புரவு செய்ய மாநகராட்சிக்கு ஆட்களும் வண்டிகளும் உண்டு. கிராமப் பஞ்சாயத்துக்கோ நாலைந்து தூய்மைக் காவலர்கள் இருந்தாலே பெரிது. ஆகையால் நகரம் விழாவுக்குப் பின் செய்வதைக் கிராமம் விழாவுக்கு முன்னரே செய்து முடிக்கவேண்டும். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை அடி அண்ணாமலை போன்ற ஊர்ப்புறங்களின் வழியே செல்கிறது. அங்கே கார்த்திகைத் தீபத்தின்போது அன்னதானம் செய்வோர் முன்கூட்டியே பதிந்து அனுமதி பெறவேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்து வந்துள்ளது. யார், எங்கே, எப்போது, எவ்வளவு என்ற நான்கு விவரங்களும் ஓர் ஏட்டில் இருந்தால் பாதித் தொல்லை தீரும். இதனை எந்தச் சிறு பஞ்சாயத்தும் செலவின்றிச் செய்யலாம்.

அளவறிந்து சமைத்தல்

மிச்சத்தைப் பகிர்வதினும் மேலானது மிச்சம் வாராமற் காப்பது. ஒரு கிலோ அரிசி வெந்தால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ சோறாகும். அரிசியாக இருக்கும்வரை அது கெடாது. சோறான பின்பே காலம் ஓடத் தொடங்குகிறது. ஆதலால் நூறு பேருக்குச் சமைக்க நேர்ந்தால் எழுபது பேருக்கு முதலில் உலை வைத்து, முப்பது பேருக்குரிய அரிசியைக் களையாமல் வைத்திருப்பது அறிவுடைமை. கூட்டம் வந்தால் அடுத்த உலை. வாராவிடில் அரிசி மூட்டையிலேயே இருக்கும்.

விருந்தினரைத் தங்கவைக்கும் வீட்டாரும், ஊரிலுள்ள உணவு விடுதியாரும், மறுநாள் எத்தனை பேர் உண்பர் என்பதை முதல்நாள் மாலைக்குள் கேட்டறிய வேண்டும். அன்னதானத்தில் சீட்டு முறை நல்ல பயன் தரும். இலையில் சிறிதளவு வைத்து, கேட்டபின் மறுபடி இடுவது நம் பழைய பந்தி வழக்கமே. இலையை நிரப்பினால்தான் மரியாதை என்று எண்ணுவது தவறு. விருந்தினர் கேட்டு வாங்கி உண்பதே உபசாரத்துக்கு அழகு.

முதல் உரிமை மனிதருக்கு

எவ்வளவு கணக்கிட்டாலும் சிறிது மீளும். அந்த மிச்சத்தின் முதல் உரிமை பசித்த மனிதருக்கே உண்டு. ஆனால் கெட்ட உணவைத் தருவது தானமாகாது. எனவே உணவு கெடும் விதத்தை அறிதல் அவசியம்.

சமைத்த உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழ்க் குளிர்ந்தோ இருக்கும்வரை நோய்க் கிருமிகள் அதில் எளிதிற் பெருகமாட்டா. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் அவை விரைந்து பெருகும். நம் கோடைக்காலத்து நிழலின் வெப்பமே இந்த இடைப்பட்ட நிலையில்தான் உள்ளது. அரிசியில் பாசில்லஸ் செரியஸ் என்னும் நுண்கிருமியின் வித்துகள் இருப்பதுண்டு. அவை கொதியிலும் சாவதில்லை. சோறு ஆறியதும் முளைத்துப் பெருகி ஒருவகை நஞ்சை உண்டாக்குகின்றன. அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. "கெட்டால் என்ன, ஒருமுறை கிளறிச் சுடவைத்தால் போயிற்று" என்னும் எண்ணம் இதனால் ஆபத்தானது.

அப்படியானால் இரவு நீரூற்றி வைத்த பழையசோற்றைக் காலையில் உண்கிறோமே என்று விவசாயிகள் கேட்கலாம், நியாயமான கேள்வியே. பழையது அன்றைக்கு வடித்த வெறுஞ்சோற்றைச் சுத்தமான பானையில் நீரில் ஊறவைப்பது. இரவில் அது புளிக்கும்போது உண்டாகும் புளிப்பு, பல கிருமிகளை வளரவொட்டாமல் தடுக்கிறது. பலர் கையும் கரண்டியும் பட்டு, பந்தலில் பல மணி நேரம் திறந்து கிடந்த குழம்புச் சோற்றுக்கு அப்பாதுகாப்பு இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது.

ஆகவே பஞ்சாயத்து ஓர் எளிய விதியை வகுத்துக்கொள்ளலாம். அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சம் உண்போர் கையை அடையவேண்டும். அதற்குமேல் சென்றதை மனிதருக்குத் தரக்கூடாது. அண்டாவின்மீது இறக்கிய நேரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைத்தால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. கடைசிப் பந்தி உட்காரும்போதே மீளும் அளவைக் கணித்து, சூட்டோடு மூடிய பாத்திரத்தில் அனுப்பிவிடவேண்டும். பந்தி முடிந்து, பாத்திரம் கழுவத் தொடங்கும்போது யோசித்தால் காலம் கடந்துவிடும்.

இத்தகைய பணி நம் மாநிலத்தில் நடந்து காட்டப்பட்டிருக்கிறது. 2014-ம் ஆண்டில் கோயமுத்தூரில் தோன்றிய 'நோ ஃபுட் வேஸ்ட்' என்னும் தொண்டு நிறுவனம் திருமண மண்டபங்களில் மீந்த உணவைத் திரட்டிப் பசித்தோரிடம் சேர்க்கும் வேலையை மேற்கொண்டது. 2017-ம் ஆண்டில் சென்னை பெசன்ட் நகரில், வேண்டுவோர் வைக்கவும் வேண்டுவோர் எடுக்கவும் ஏற்றவாறு பொதுக் குளிர்ப்பெட்டி ஒன்று நிறுவப்பெற்றது. மிச்ச உணவைத் திரட்டிப் பகிர்வதற்கென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2019-ம் ஆண்டில் தனி ஒழுங்குமுறைகளையும் வகுத்தது. தொடர்ந்து இப்பணியில் ஈடுபட விரும்பும் இளைஞர் மன்றங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரை அணுகிப் பதிவு முறையை அறிந்து தொடங்குதல் நன்று.

பெறுவோரின் மானத்தையும் நாம் மறக்கலாகாது. முதியோர் இல்லமோ, விடுதியோ, கட்டட வேலை நடக்குமிடமோ, எங்கே தேவையுண்டு என்பதை முன்னதாகவே கேட்டு, அவர்கள் விரும்பினால் மட்டும் அனுப்பவேண்டும். தெருவில் நிறுத்திக் கூவி வழங்குவது முறையன்று.

இரண்டாவது உரிமை கால்நடைக்கு

மனிதருக்குக் கொடுக்கும் காலம் கடந்தபின், பூஞ்சை பூக்காமலும் அழுகாமலும் உள்ள மிச்சம் கால்நடைக்கு உரியது. இதில் விவசாயிகள் மிகவும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும்.

விழா நாளில் மீந்த சோற்றைக் கூடைகூடையாக மாட்டின்முன் கொட்டுவதுண்டு. இது மாட்டைக் கொல்லக்கூடிய செயல். மாட்டின் முதல் வயிறு வைக்கோலையும் புல்லையும் மெதுவாகச் செரிப்பதற்கு அமைந்தது. பழக்கமில்லாத மாடு மிகுதியான சோற்றை ஒரே வேளையில் தின்றால், மாவுப்பொருள் விரைந்து புளித்து வயிற்றில் அமிலம் பெருகுகிறது. அசைபோடுதல் நின்றுவிடும், வயிறு உப்பும், புளித்த நாற்றத்தோடு கழியும், மாடு தள்ளாடிப் படுத்துவிடும். கடுமையானால் ஓரிரு நாளில் இறக்கவும் கூடும். பொங்கலுக்கும் கலியாணங்களுக்கும் பிறகு இந்நோய் கண்ட மாடுகளைக் கால்நடை மருத்துவர்கள் பார்ப்பது வழக்கம். இக்குறிகள் தோன்றினால் கை வைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கவேண்டும்.

எனவே சோற்றை வைக்கோலோடு சேர்த்துச் சிறிது சிறிதாகப் பல மாடுகளுக்குப் பகிர்ந்து வைக்கவேண்டும். காய்கறித் தோல், வாழையிலை, கஞ்சி ஆகியவை ஏற்றவை. புலால் கலந்த உணவை மாட்டுக்கு வைக்கவே கூடாது. எல்லாவற்றினும் முக்கியமானது, பிளாஸ்டிக் பையில் கட்டிய உணவு மாட்டின் வாய்க்கு எட்டலாகாது. உணவின் மணத்தால் மாடு பையையும் சேர்த்து விழுங்குகிறது. அந்தப் பை செரிப்பதுமில்லை, எளிதில் வெளிவருவதுமில்லை. வயிற்றில் சேர்ந்து சேர்ந்து, தீனி எடுக்காமல் மாடு மெலிந்து மாய்கிறது. விருந்தினர் எறிந்த ஒரு பொட்டலத்துக்கு ஓர் ஏழைக் குடும்பத்தின் கறவை மாடு விலையாகலாமா?

மூன்றாவது உரிமை மண்ணுக்கு

எச்சிலும், கெட்ட சோறும், இலையும் மண்ணுக்கு உரியவை. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்பார் நம் நாட்டு விவசாயிகளின் வழக்கங்களை ஆராய்ந்து கம்போஸ்டு முறையை வகுத்தார். மகாராஷ்டிரத்தில் தோன்றிய நாடெப் முறை, சாணம் குறைவாக உள்ள இடங்களுக்கும் ஏற்றது. காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டுச் செங்கல்லால் கட்டிய 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரமுள்ள தொட்டியே அதற்குப் போதும். செய்முறை வருமாறு:

1. குடிநீர்க் கிணற்றுக்கு அப்பால், மழைநீர் தேங்காத மேட்டுநிலத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

2. அடியில் சுள்ளி, தென்னை மட்டை முதலியவற்றைப் பரப்பிச் சாணக் கரைசல் தெளிக்கவேண்டும்.

3. உணவுக் கழிவை மெல்லிய அடுக்காகப் பரப்பி, அதன்மேல் இரண்டு பங்கு உலர்ந்த சருகோ வைக்கோற் கூளமோ இட்டு, மண் தூவி மூடவேண்டும். ஈரக் கழிவை மட்டும் குவித்தால் அழுகி நாறும்; ஈயும் நாயும் சேரும்.

4. பிழிந்த துணியளவு ஈரம் இருக்கவேண்டும். தொட்டி நிரம்பியதும் சாணமும் மண்ணும் குழைத்து மேலே பூசி மூடவேண்டும்.

5. ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு மாதத்தில் மண்வாசனையுள்ள எரு கிடைக்கும்.

சமைத்த உணவில் உப்பும் எண்ணெயும் உண்டாதலால் அதைத் தனியே வயலில் கொட்டுதல் தகாது. சருகோடும் சாணத்தோடும் மக்கியபின்பே இடவேண்டும். மாடுகள் மிகுந்த ஊரில் சாண எரிவாயுக் கலத்திலும் சிறிதளவு உணவுக் கழிவைச் சேர்த்துப் பயன் பெறலாம்.

இவை யாவும் பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கழிவில் மக்காத பொருள் கலந்திருக்கக்கூடாது. தமிழ்நாட்டில் 1-1-2019 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டுள்ளன. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் தட்டும், தண்ணீர்ப் பொட்டலமும், உணவு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அவற்றுள் அடங்கும் என்பதைப் பலர் அறியார். வாழையிலை, தையல் இலை, தொன்னை, பாக்குமட்டைத் தட்டு ஆகியவை நம் ஊரிலேயே கிடைப்பவை. நீர்மோர்ப் பந்தலில் கழுவிப் பயன்படுத்தும் எவர்சில்வர் டம்ளர்களை வைக்கலாம். பஞ்சாயத்தே சில நூறு தட்டுகளும் டம்ளர்களும் வாங்கி, சுய உதவிக் குழுவின் மூலம் வாடகைக்கு விட்டால் குழுவுக்கும் வருவாய் உண்டு.

வேடந்தாங்கலின் சான்று

கழிவைச் செல்வமாக்கிய கிராமம் ஒன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. வேடந்தாங்கல் ஏரியில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவ்வூர் விவசாயிகள் பல தலைமுறைகளுக்கு முன்பே உணர்ந்தனர். பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்க வேண்டுமென முறையிட்டு, 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே அன்றைய செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் உரிமைப் பத்திரம் பெற்றனர். இன்று அந்த ஏரி நாடறிந்த சரணாலயம்; 2022-ம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. விருந்தினரை ஈர்ப்பது, விவசாயிகள் காத்த அந்த ஒழுங்கே.

இத்தகைய இடத்தில் உணவுக் கழிவு சிதறினால் நேர்வது என்ன? காகமும் நாயும் பெருகும். கூட்டிலுள்ள முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து நேரும். காண வந்ததைக் காண வந்தவரே கெடுத்தவராவர். மலையூர்களில் குரங்குக்கும், கடற்கரை ஊர்களில் கடலுக்கும் இதுவே நிலை.

தூய்மையே விருந்தினரை வரவழைக்கவும் கூடும். ஜப்பான் நாட்டில் கமிகாட்சு என்னும் சிற்றூர் 2003-ம் ஆண்டில் குப்பையே இல்லாத ஊராவோம் என்று உறுதி பூண்டது. உணவுக் கழிவை வீட்டிலேயே எருவாக்கி, மற்றவற்றை நாற்பதுக்கு மேற்பட்ட வகைகளாக மக்களே பிரித்து வைக்கின்றனர். அந்த ஒழுங்கைக் காண்பதற்கென்றே இன்று வெளிநாட்டாரும் அங்கே செல்கின்றனர்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

விருந்தினர் பருவம் தொடங்குமுன் கிராம சபையில் இதைப் பொருளாக வைத்துத் தீர்மானம் செய்யவேண்டும். அன்னதானம் செய்வோருக்கும் விடுதி நடத்துவோருக்கும் ஒரு பதிவேடு வைக்கவேண்டும். மிச்சத்தைப் பெற்று அனுப்ப இரண்டு பேரைப் பெயர் குறித்து நியமிக்கவேண்டும். எல்லார்க்கும் பொதுவான வேலை ஒருவர்க்கும் உரியதாகாது. உண்ணும் இடத்துக்கு அருகிலேயே உணவுக் கழிவுக்கு ஒரு கூடையும் உலர்ந்த குப்பைக்கு ஒரு கூடையும் வைக்கவேண்டும். ஒவ்வொரு விழா முடிந்ததும், எவ்வளவு சமைத்தது, எவ்வளவு மீந்தது, எங்கே சென்றது என்று எழுதி வைத்தால் அடுத்த ஆண்டின் அளவு தானே தெரியும்.

தூய்மைக் காவலர்களைப் பற்றியும் ஒரு சொல். நாம் பிரிக்காமல் எறியும் குப்பையை இன்னொருவர் கையால் பிரிக்க நேருகிறது. அழுகிய சோற்றிலிருந்து பிளாஸ்டிக் உறையைப் பொறுக்குவது எந்த மனிதருக்கும் விதிக்கத்தக்க வேலையன்று. அவர்களுக்குக் கையுறையும் காலணியும், விழா நாட்களுக்குரிய மிகைக் கூலியும் தருவது கடமை; பிரித்துக் கொடுப்பது அதனினும் பெரிய கடமை.

மிச்சம் மனிதருக்கு, அதற்கடுத்தது மாட்டுக்கு, எஞ்சியது மண்ணுக்கு. இவ்வரிசையையும் இதற்குரிய காலத்தையும் காத்தால், விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற நம் கிராமங்கள் தூய்மைக்கும் பெயர்பெறும். அறுந்த வட்டத்தை மீண்டும் இணைக்க வேண்டிய மாடும் வயலும் இன்றும் நம்மிடம் இருக்கின்றன.

கலந்துரையாடற்குரிய வினாக்கள்

1. நம் ஊருக்கு வெளியூரார் மிகுதியாக வரும் நாட்கள் எவை? அந்நாட்களில் உணவு வழங்குவோர் யார் யார்?

2. சென்ற விழாவில் மீந்த உணவு எங்கே போயிற்று? இரண்டு மணி நேரத்துக்குள் அதைக் கொண்டு சேர்க்கத்தக்க இடம் அருகில் உண்டா?

3. நம் ஊர் மாடுகள் மேயும் வழியில் குப்பைமேடு உள்ளதா? அதை எங்கே மாற்றலாம்?

4. எருத்தொட்டிக்கு ஏற்ற இடம் எது? ஆகும் எருவை யாருக்கு, எவ்வாறு பகிர்வது?

5. தட்டும் டம்ளரும் வாடகைக்கு விடும் பொறுப்பை ஏற்க முன்வரும் சுய உதவிக் குழு எது?